வராதவர் கூறு

1

குழாயை மாட்டியாயிற்று. பண்ணையின் குளிர்தொட்டியிலிருந்து பால் என் லாரிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஏறுகிற நேரம் மட்டும் எனக்குச் சொந்தம். நான் எழுதுவதெல்லாம் இந்த ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங்மேல் சாய்த்த அட்டையில்தான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். சங்ககிரியில் லாரி ஓட்டிய குடும்பத்துப் பிள்ளை, ஐம்பதை நெருங்கும் வயதில், நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் பால் லாரி ஓட்டுகிறான். அப்பா நாக்பூர் லைன். நான் கடலோர லைன். அவர் செக்போஸ்ட்டில் நின்றார், நான் மாடு சாலையைக் கடக்கிறவரை நிற்கிறேன். நிற்பது குடும்பத் தொழில்.

இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. பச்சை முடிகிற இடத்தில் கடல். வந்த புதிதில் அந்தக் கடலைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. இவ்வளவு தண்ணீரை யாரும் எதற்கும் பாய்ச்சாமல் விட்டுவைத்திருக்கிறார்களே என்று வயிறு எரியும். ஒரு மடை தண்ணீருக்காக வரப்பில் மண்வெட்டியோடு நின்ற மனிதர்களின் கண் இது. கண்ணுக்குக் குடியுரிமை கிடைக்க நெடுங்காலம் ஆகும்.

இந்தப் பொங்கலில், கரிநாளன்று, கடற்கரையில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் அட்டையை எடுத்தேன்.

2

எங்கள் சின்னத் துறைமுக ஊரில் சேலம் நாமக்கல் பக்கத்து வீடுகள் ஐந்து. அதில் இளையவன் குமரேசன். சங்ககிரிக்காரன், டீசல் மெக்கானிக். வேலை விசாவில் வந்தான். மனைவியும் கைக்குழந்தையும் இன்னும் ஊரில். நிரந்தர வசிப்புக்கு எழுதிப்போட்டிருக்கிறான். அது கிடைத்தால்தான் அவர்களை அழைத்துக்கொள்ள முடியும். குழந்தையைப் போனில் மட்டுமே பார்த்தவன் அவன். என்னை அண்ணன் என்பான். அதனால் என் மகள் மேகலாவுக்கு அவன் சித்தப்பா.

மேகலா இங்கேயே வளர்ந்தவள். படித்து முடித்து என்னவாகப் போகிறாள் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். மீன்வள அதிகாரி ஆனாள். அனுமதிக்கு மேல் அள்ளுகிறவர்களைப் பிடிப்பது, வலையை அளப்பது, படகைச் சோதிப்பது. திருச்செங்கோட்டில் இருக்கும் என் அக்காவுக்கு இதை விளக்கியபோது, "ஏன்டா, புள்ளைய மீனுக்குக் காவலுக்கா உட்டுருக்கற? மீனு எங்க போயிருமாம்?" என்றாள்.

மீன் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியாமல் இல்லை. அவள் வீட்டிலிருந்து காவிரிக்குப் போனால் இப்போது என்ன கிடைக்கும் என்று அவளே சொல்வாள்: "ஜிலேபிக் கெண்டைய உட்டா வேற ஒன்னுமில்ல சாமி. அதுலயும் சீமெண்ணெ வாடை."

கரிநாளுக்கு எங்கள் பக்கத்தில் கறி எடுக்காத வீடு கிடையாது. ஆட்டை அறுத்துக் கூறு போடுவார்கள். கசாப்புக்கடைக்காரர் எடை போட்டுக் கொடுப்பது வேறு, இது வேறு. சேர்ந்து வாங்கிய ஆட்டைச் சேர்ந்து அறுத்து, வாழையிலையில் சமமாகப் பிரித்து வைப்பார்கள். ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சில்லை. பிரித்து வைத்தவனுக்குக் கடைசிக் கூறு. வடக்கே லோடு போன டிரைவர் வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு கூறு உண்டு. ஆள் இல்லை என்பதற்காகக் கூறு இல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் ஆடு கிடைக்கவில்லை. குமரேசன் போன் செய்தான். "ஆடு இல்லீனாப் போச்சாது போங்ணா. காலைல கடலு வத்துதாமா. மட்டி தோண்டிப் போடறேன். நம்மூரு ஏரி நத்தையாட்டத்தான் இருக்குது. அஞ்சு ஊட்டுக்கும் எம்பொறுப்பு."

மட்டி என்றால் மணலுக்குள் புதைந்து கிடக்கும் சிப்பி. எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. நத்தைக்கறி சாப்பிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. நாக்குதான் முதலில் சரி என்றது.

3

அவன் "கடலு வத்துது" என்றதை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இந்த ஊர்க் கழிமுகத்தில் கடல் இறங்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல். நடுநடுவே பள்ளங்களில் தண்ணீர். வெயில் பட்டால் பளபளக்கும். சித்திரை கடைசியில் எங்கள் ஏரியும் அச்சு அசல் இப்படித்தான் கிடக்கும். குத்தகைக்காரர் தன் பங்கு மீனை வலைபோட்டு எடுத்துவிட்டு, இனி ஊர் இறங்கலாம் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் ஏரி அழிப்பு. ஆண் பெண் அத்தனை பேரும் முழங்கால் சேற்றில். கூடை, வேட்டி, கொசுவலை, சோற்று வடிதட்டு, எது கைக்கு வந்ததோ அது வலை. கெழுத்தி, ஆரல், குரவை, விரால், விரல் நீளக் குஞ்சு, எதையும் விடுவதில்லை. விட்டால் என்ன ஆகும்? அடுத்த வாரம் சேறு வெடிக்கும். மீன் அதில் கிடந்து நாறும். காக்கையும் நாயும் தின்னும். காய்கிற ஏரியில் மீனை விட்டுவைப்பது வீண்செலவு. அதை அள்ளி ஊருக்கெல்லாம் கூறு போடுவதுதான் நியாயம்.

ஒரு கோடையில் மீன்துறை இன்ஸ்பெக்டர் ஒருவர் மொபெட்டில் வந்தார். வாழப்பாடிப் பக்கத்துக்காரர், பேச்சே வேறாக இருந்தது. "எல்லாத்தையும் அள்ளாதீங்கப்பா. மதகுகிட்ட இருக்கிற பள்ளத்த மட்டும் விடுங்க. அதுல தண்ணி நிக்கும். நாட்டு மீனு நாலு தப்பிச்சா, மழைக்கு ஏரி பூரா குஞ்சு வுடும்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"ஏனுங்க சார், மீனுக்கு நாங்க பிரசவம் பாக்கோணுங்ளா?" என்றது ஒரு குரல். சேறு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், கல்லூரிப் படிப்போடு.

யாரும் அவரை அடிக்கவில்லை, வையவும் இல்லை. மாலையில் கூறு போட்டபோது அவருக்கும் ஒன்று வைத்தார்கள். முதுகு காட்டி நின்றவர் "மீனு ஆபீசருக்கு" என்று பெயர் சொன்னார். அவர் வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டு மொபெட்டை உதைத்தார். ஊர் அப்போதுதான் கோபப்பட்டது. எல்லாவற்றையும் அள்ளாதே என்றதைக்கூட மன்னித்தார்கள், வைத்த கூறை வேண்டாம் என்றதை மன்னிக்கவில்லை.

பிறகு மழை வந்தது, ஏரி நிரம்பியது. ஆரல் வரவில்லை. குரவை வரவில்லை. குத்தகைக்காரர் பண்ணையிலிருந்து கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டார். ஏரியில் மீன் இருந்தது, அதனால் எது போனது என்று யாரும் கேட்கவில்லை.

4

கரிநாள் காலை. இரவுப் பணி முடிந்து, லாரியை விட்டுவிட்டு, ஒரு பையோடு கடற்கரைக்குப் போனேன். என் கூறை வாங்கத்தான்.

தூரத்திலேயே தெரிந்தது, நீலத் தார்ப்பாய். குமரேசனும் லாரிக்காரன் வீட்டுப் பிள்ளைதான், கைக்குட்டை மறந்தாலும் தார்ப்பாயை மறக்கமாட்டான். அதன்மேல் ஐந்து கூறு மட்டி. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது, அவ்வளவு சமம். பக்கத்தில் குமரேசன், முழங்கால்வரை சேறு, முகம் பேயறைந்தது மாதிரி. அவன் எதிரே சீருடையில் இரண்டு பேர். ஒருவர் என் வயது இருக்கும் அதிகாரி. இன்னொன்று என் மகள்.

நடந்தது இதுதான். நாயோடு நடைபோன ஒருவர் தார்ப்பாயைப் பார்த்திருக்கிறார். குமரேசன் போனில் நான்கு பேரிடம் அடுத்தடுத்து, "ரெடி, வந்து எடுத்துக்கங்க" என்று கை ஆட்டிப் பேசியதையும் பார்த்திருக்கிறார். மொழி தெரியாவிட்டாலும் கைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஒரே ஆள் தோண்டியது, சம எடைக் குவியல்கள், ஒவ்வொருவராக வந்து எடுக்கப்போகும் ஆட்கள். இந்த நாட்டுக் கண்ணுக்கு அது ஒன்றுதான்: விற்பனை. ஒருவருக்கு ஒரு நாளைக்கென்று விதித்த அளவுக்கு மேல் எடுத்தால் அபராதம். விற்பதற்காக எடுத்தால் நீதிமன்றம். வேலை விசாக்காரனுக்கு நீதிமன்றம் என்றால் அவன் எழுதிப்போட்ட விண்ணப்பம் அத்தோடு முடிந்தது.

குமரேசனுக்கு அது புரிந்திருந்தது. மேகலாவைப் பார்த்துத் தமிழில் மன்றாடிக்கொண்டிருந்தான். "சாமி, நீ சொல்லு சாமி. கூறுன்னு சொல்லு. அந்தா, அது உங்கொப்பனுக்கு வெச்சது. நீ திங்கப்போற கூறு சாமி அது!"

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். மேலதிகாரியிடம் திரும்பி ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள்: "அது என் அப்பா. இவர் எங்கள் குடும்ப நண்பர். நான் இதில் இருக்கக் கூடாது." குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, மணலில் நடந்துபோய் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாத்தீங்ளாண்ணா?" என்றான் குமரேசன். "மொகத்தத் திருப்பிட்டுப் போயிருச்சுங்களே நம்ம புள்ள. வெள்ளக்காரன் புள்ளைகூட இப்புடிப் போகாதுங்ணா."

எனக்கும் அதேதான் தோன்றியது. அந்த ஜீப்பின் கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது.

அதிகாரி என்னிடம் கேட்டார், "இதில் உங்களுக்கு என்ன தொடர்பு?"

தொடர்பில்லை என்று சொல்ல ஒரு வழி இருந்தது. பையை மடித்துச் சட்டைக்குள் வைத்தால் போதும். "இதில் ஒன்று என்னுடையது" என்றேன்.

"காசு கொடுத்தீர்களா?"

"இல்லை."

"கொடுப்பீர்களா?"

"கொடுத்தால் அவன் என்னோடு பேசமாட்டான்."

"அப்படியென்றால் இவருக்கு என்ன லாபம்?"

"அவனுக்கும் ஒரு கூறு."

"எவ்வளவு பெரியது?"

என்னிடமிருந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டி முதுகைத் திருப்பி நிற்பதையும் பெயர் சொல்வதையும் விளக்கினேன். நடித்தே காட்டினேன். கடற்கரையில் ஒரு பால் லாரி டிரைவர் கடலுக்கு முகம் காட்டி நின்று, பின்பக்கம் கையை நீட்டி, ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்கிறான். அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஜீப்பிலிருந்து தராசு கொண்டுவந்து ஐந்தையும் தனித்தனியாக நிறுத்தார். ஐந்தும் ஏறக்குறைய ஒன்றே. தோண்டியவனுக்கு என்று ஒரு பிடிகூட அதிகமில்லை. அதை எழுதிக்கொண்டார்.

"நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். "அப்போதும் இது தவறு. எடுக்கிற ஒவ்வொருவரும் இங்கே நின்று, தன் கையால், தன் அளவைத்தான் எடுக்க வேண்டும். வராதவருக்கு இந்தக் கடலில் பங்கு கிடையாது."

அந்த வாக்கியம் என்னை அறைந்தது. நாக்பூர் லைனில் அப்பா போயிருந்த எத்தனை கரிநாள்களில், வராதவருக்கான கூறில் வளர்ந்த உடம்பு இது.

மட்டிகள் உயிரோடு இருந்ததால் திரும்ப விடச் சொன்னார். நானும் குமரேசனும் தார்ப்பாயின் இரண்டு முனைகளைப் பிடித்து, தண்ணீர் தொடுகிற இடம்வரை இழுத்துப்போனோம். கொட்டப் போனவனைத் தடுத்து, பரத்தி வைக்கச் சொன்னார். குனிந்து ஒவ்வொரு பிடியாக வைத்தோம். சற்று நேரத்தில் மட்டிகள் வெள்ளையாக ஒரு நாக்கை நீட்டி, மணலைத் துழாவி, எங்கள் கண்முன்னால் கீழே இறங்கின. குமரேசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தான். "பொழச்சுப் போச்சுங்ணா இதாவது" என்றான்.

கிளம்பும் முன் அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். மற்ற வீட்டுக்காரர்களும் அலுவலகத்துக்கு வந்து, கூறு தங்களுக்கென்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், விற்பனை என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட முடியும் என்றார். ஒரு வீடு விட்டாலும் கேள்வி நிற்கும். அந்தக் குவியல் யாருக்கு?

5

சாயங்காலம் மேகலா வந்தாள். வாசுகி, என் மனைவி, தட்டை வைத்தாள். வெறும் ரசம்.

"ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருந்தா?"

"அவன் எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பான்."

"அப்பா, நான் சொல்லி அவங்க விட்டிருந்தா, நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க, ஆபீசரோட அப்பா கேஸ்னா விட்டுருவாங்களான்னு. மறுபடி ஓப்பன் பண்ணுவாங்க. அப்ப சித்தப்பாவ யாராலயும் காப்பாத்த முடியாது." ரசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "நான் ஜீப்புக்குள்ள உக்காந்து அழுதேன். அது யாருக்கும் தெரியல இல்ல?"

வாசுகி என்னைப் பார்த்த பார்வையில் நான் தட்டைப் பார்த்தேன்.

"இன்னொண்ணு" என்றாள் மேகலா. "அந்த மணல்ல நான் ஒவ்வொரு வருசமும் சதுரமா ஒரு மரச்சட்டம் வெச்சு, அதுக்குள்ள இருக்கற மட்டிய எண்றேன். பெருசு இல்லப்பா. எல்லாம் குட்டி. எல்லாரும் அவங்க ஊட்டுக்குத்தான் எடுக்கறாங்க. யாருமே கெட்டவங்க இல்ல. அதுதான் கஷ்டம்."

மற்ற வீடுகளுக்குப் போன் செய்தேன். இரண்டு வீட்டார் உடனே சரி என்றார்கள். மிச்சமிருந்தது செந்தில், வாழப்பாடிக்காரன், நல்லவன். அவனுடைய விசா நீட்டிப்பும் அந்த மாதம்தான்.

"கையெழுத்துப் போட்டா நானும் கேஸ்ல வருவன்தானேண்ணா?"

"சாட்சியாதான் வருவே. வேற எதுவும் வராதுன்னுதான் சொல்றாங்க. எழுதிக் கொடுக்கமாட்டாங்க."

"நா தோண்டவே இல்ல. கேக்கவும் இல்ல. அவனா வெச்சான்."

"ஆமா, செந்தில். அவனாத்தான் வெச்சான்."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? என்னிடம் குடியுரிமை இருக்கிறது, மகள் சீருடையில் இருக்கிறாள். பயமில்லாதவன் பயப்படுகிறவனுக்குத் தைரியம் சொல்வது சுலபம். மீனை ஆயிரம் தடவை கூறு போட்டிருக்கிறோம். வந்து சேர்ந்த ஆபத்தைக் கூறு போட்ட பழக்கம் யாருக்கும் இல்லை.

குமரேசன் செந்திலுக்குப் போன் செய்யவே இல்லை. "வெச்ச கூறுக்குக் கூலி கேட்டாப்பல ஆயிருமுங்ணா" என்றான். ஊரில் மனைவியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவள் குழந்தைக்குக் குளிர் உடுப்பு வாங்கியிருந்தாள், ஈரோட்டில் தேடித் தேடி.

நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். நாலாவது பெயருக்கு நேரே வெறுமையாக இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் செந்தில் நின்றுகொண்டிருந்தான், மனைவியோடு. எப்போது வந்தானோ.

"இவ விடமாட்டேங்கறாண்ணா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"பின்ன?" என்றாள் அவள். "தின்னிருந்தா ருசியா இருந்துதுன்னு சொல்லியிருப்பீங்க இல்ல? உள்ளாறப் போங்க."

6

தை கழிந்து மாசியில் முடிவு வந்தது. விற்பனைக் குற்றச்சாட்டு இல்லை. அளவுக்கு மேல் எடுத்ததற்குக் குமரேசனுக்கு அபராதம், எங்களுக்கு எச்சரிக்கை. அபராதத்தைப் பிரித்துக்கொள்கிறோம் என்றோம். ஒத்துக்கொள்ளவில்லை. "சேத்துல நின்னவன் நானுங்ணா" என்றான். அவனுடைய விண்ணப்பம் நகர்கிறது. மருத்துவப் பரிசோதனைக்கு மனைவியை அழைத்திருக்கிறார்கள். அவளிடம் எல்லாவற்றையும் இப்போதுதான் சொன்னான். திட்டு வாங்கினானாம், அரை மணி நேரம், சந்தோஷமாக.

மேகலாவிடம் மட்டும் பேசாமல் இருந்தான். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். வாசுகி குழம்பு கொடுத்தனுப்பினால் பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுப் போவான்.

சென்ற வாரம் அந்தக் கழிமுகத்தில் மட்டி எடுப்பதையே தடைசெய்துவிட்டார்கள். மேகலாவின் கணக்கும் அதற்கு ஒரு காரணம். பால் எடுக்கப் போகிற வழியில் பார்த்தேன், அறிவிப்புப் பலகையை நட அவள் தனியாகப் போராடிக்கொண்டிருந்தாள். தெற்குக் காற்று பலகையைப் பாய்மரமாக்கிச் சாய்த்தது. நான் லாரியை ஓரம்கட்டி இறங்குவதற்குள், பட்டறை வண்டி ஒன்று எனக்கு முன்னால் நின்றது. குமரேசன் இறங்கிப்போய் ஒன்றும் பேசாமல் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவள் சம்மட்டியால் அடித்தாள். நான் போய்க் கல்லும் மண்ணும் போட்டேன்.

கம்பம் நின்றது. கடல் இறங்கிக்கொண்டிருந்தது. ஈர மணல் பளபளக்க ஆரம்பித்தது. கையைத் தட்டிக்கொண்டே அவன்தான் முதலில் பேசினான்.

"எத்தன நாளைக்குங் சாமி இது?"

"திரும்பப் பெருகற வரைக்கும் சித்தப்பா."

இறங்குகிற கடலைப் பார்த்தான். "ஏரின்னா ஒரு மழ வந்தாப் போதும், பெருகிரும். இதுக்கு என்ன வரோணும்?"

மேகலா சம்மட்டியை ஜீப்பில் போட்டாள். "ஒண்ணும் வர வேண்டாம் சித்தப்பா" என்றாள். "நாம வராம இருந்தாப் போதும்."